ஒன்பதாவது மேசை

யோகப்பிரியா டீச்சருக்குத் தன்னைப் பற்றி ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே இருந்ததில்லை. ஆள் பார்த்துப் பாடம் எடுக்கிறவள் தான் இல்லை என்பதுதான் அது. கேரள எல்லையில், முதலமடையிலிருந்து கோவிந்தாபுரம் போகிற ரோட்டில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் அந்த எய்டட் ஸ்கூலில் பதினோரு வருஷமாகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுக்கிறாள். முன் பெஞ்ச், பின் பெஞ்ச் என்ற பேச்சையே அவள் வகுப்பில் யாரும் எடுக்கக் கூடாது. அதனால்தான், ஆகஸ்ட் மாதம் டின்சி ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து நின்றபோது, மற்றவர்கள் தயங்கிய இடத்தில் இவள் தைரியமாகக் கழுத்தை நீட்டினாள்.

டின்சி பாலக்காட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிற பெண். சரளமாகத் தமிழ் வராது, ஆனால் மலையாளத்தில் நனைத்த தமிழில் வெட்கப்படாமல் பேசுவாள். பெட்டிக்குள் இருந்தவை சோப்பு டப்பா அளவில் நாலு வெள்ளைக் கருவிகளும், அடையாள அட்டை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சில டேக்குகளும். லேபின் நாலு மூலையிலும் உயரத்தில் அந்த டப்பாக்களை மாட்ட வேண்டும், டீச்சர் டேக்கை மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். டேக் விடுகிற ரேடியோ அலை ஒவ்வொரு டப்பாவுக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வைத்து, டீச்சர் அந்த நொடியில் எங்கே நிற்கிறார் என்று ஒரு சாண் பிசகாமல் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். கேமராவும் கிடையாது, பேச்சைப் பதிவு செய்வதும் கிடையாது. கடைசியில் வருவது அறையின் படம் ஒன்று. அதிக நேரம் நின்ற இடம் சிவப்பு, கொஞ்ச நேரம் நின்ற இடம் மஞ்சள், கால் வைக்காத இடம் வெள்ளை.

கெமிஸ்ட்ரி எடுக்கும் சதீஷ் சார், மேய்ச்சலுக்குப் போகிற மாட்டுக்குத்தான் கழுத்தில் மணி கட்டுவார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எல்லோரும் சிரித்தார்கள். யோகப்பிரியாவும் சிரித்தாள். ஆனாலும் சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை: படம் தனக்கு மட்டும்தான் வர வேண்டும். பிரின்சிபலே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. டின்சி அதற்கு எழுத்திலேயே உறுதி கொடுத்தாள்.

லேபில் மூன்று மூன்றாக நாலு வரிசை, மொத்தம் பன்னிரண்டு மேசை. மேசைக்கு இரண்டு பேர். நாலு பிராக்டிகல் வகுப்பு முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டின்சி லேப்டாப்பைத் திறந்து படத்தைக் காட்டினாள். கரும்பலகையின் முன்னால் சிவப்பு. முதல் வரிசை மேசைகளைச் சுற்றிச் சிவப்பு. ஜன்னலோரம் மஞ்சள். வலது பக்கம், தண்ணீர்க் குழாயும் இரும்பு அலமாரியும் இருக்கும் பின் மூலை மட்டும் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தது. படத்துக்குக் கீழே கணக்கும் இருந்தது. நாலு வகுப்பிலும் சேர்த்து இரண்டாவது மேசைக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு நிமிஷம். ஒன்பதாவது மேசைக்கு நாற்பது விநாடி. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் சைபர்.

யோகப்பிரியா முதலில் செய்தது கருவியைக் குற்றம் சொன்னதுதான். அந்த மூலையில் இரும்பு அலமாரி இருக்கிறது, இரும்பு ரேடியோ அலையைக் கெடுக்கும், இது பிசிக்ஸ் படித்த யாருக்கும் தெரியும் என்றாள். டின்சி மறுத்துப் பேசவில்லை. அப்படியும் இருக்கலாம், பார்த்துவிடலாம் என்று டேக்கைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேராகப் போய் அலமாரியை ஒட்டி நின்றாள். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி பன்னிரண்டாவது மேசைக்குப் பக்கத்தில், இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. ஒரு அடி தள்ளி நின்றாள். புள்ளியும் ஒரு அடி தள்ளியது.

கருவி பொய் சொல்லவில்லை.

அந்த மூன்று மேசையிலும் இருக்கிற ஆறு பேர் யாரென்று அவள் நினைத்துப் பார்க்கவே தேவையில்லை. பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் புத்தகமும் மலையாள விளக்கமுமாக வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள். முதல் நாளே சொல்லிவைத்தது மாதிரி அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்தவர்கள். அவளும் அதே மாதிரி வந்தவள்தான். அவள் அப்பா இரண்டு ஏக்கரில் தென்னையும் நிலக்கடலையும் போடுகிறவர். தமிழ்ப் பிள்ளைகளின் கஷ்டம் தன்னைவிட இந்த ஸ்கூலில் யாருக்குத் தெரியும் என்று பல தடவை நினைத்து நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், தத்தமங்கலம் வரைக்கும் அவள் மனசு அதையே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. தெரிந்தவளாக இருந்தும் ஏன் போகவில்லை? யோசிக்க யோசிக்க ஒரு பழைய பேச்சு மேலே வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்டாஃப் மீட்டிங்கில் யாரோ விளையாட்டாகச் சொன்னது: யோகப்பிரியா டீச்சர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஸ்பெஷல் கவனிப்பு கொடுப்பார். எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். அவளும் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். ஆனால் அவளுடைய கால் மறக்கவில்லை. ஆள் பார்க்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, அந்த மூலையைப் பார்த்தாலே தன்னையறியாமல் திரும்பி நடந்திருக்கிறது. பக்கத்து சீட்டில் ஆள் இருப்பதையும் மறந்து அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பிராக்டிகலில் அவள் கரும்பலகைக்குப் போகவே இல்லை. வாசலிலிருந்து நேராக ஒன்பதாவது மேசைக்குப் போனாள். அங்கே ஆர்த்தியும் கற்பகமும் இருந்தார்கள். டீச்சர் வருவதைப் பார்த்ததும் கற்பகம் உள்ளங்கையால் நோட்டை மூடினாள். யோகப்பிரியா மெதுவாக அந்தக் கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். வெர்னியர் காலிப்பரில் ஒரு இரும்புக் குண்டின் விட்டத்தை அளக்கிற பாடம். இவர்கள் எழுதியிருந்த ஆறு அளவும் எட்டாவது மேசையின் அளவுகள். கண்டுபிடித்துவிடக் கூடாது என்று கடைசி எண்ணை மட்டும் மாற்றியிருந்தார்கள். காலிப்பர் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்படவே இல்லை.

திட்டுவாள் என்று இரண்டு பேரும் தலையைக் குனிந்தார்கள். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இதைக் கையில எடுத்துப் பாத்திருக்கியா, ஆர்த்தி?”

“இல்லீங்க டீச்சர்.”

“தெரியலைன்னா எங்கிட்டக் கேக்க வேண்டியதுதானே?”

ஆர்த்தி கற்பகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “நீங்க இந்தப் பக்கம் வந்தாக் கேக்கலாம்னு இருந்தோமுங்க.”

அதில் குறையோ குத்தலோ இல்லை. அதனாலேயே அது அவளுக்கு நெஞ்சில் தைத்தது. அன்றைக்கு அந்த மூன்று மேசைக்கும் அவள் தமிழிலேயே பாடம் நடத்தினாள். குண்டை எப்படிப் பிடிக்க வேண்டும், பெரிய அளவில் எதைப் படிக்க வேண்டும், சின்ன அளவில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒட்டி நிற்கிறது என்று எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். ஆர்த்தி மூன்றாவது தடவையே சரியாக அளந்தாள். கற்பகம் ஏழாவது தடவை அளந்துவிட்டு, நம்பாமல் எட்டாவது தடவையும் அளந்தாள்.

அடுத்த இரண்டு வாரமும் இப்படியே போனது. படம் வந்தபோது டின்சி சிரித்துவிட்டாள். இப்போது அந்த மூலை மட்டும் ரத்தச் சிவப்பு, முன் வரிசை முழுக்கப் பாலைவனம். அதற்குள் இரண்டாவது மேசைப் பையனின் அப்பா பிரின்சிபலைக் கூப்பிட்டு, டீச்சர் தன் மகனைக் கவனிப்பதே இல்லை என்று குறை சொல்லியிருந்தார். யோகப்பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு பக்கம் சாய்ந்த வண்டியை மறுபக்கம் கவிழ்த்துவிட்டோமோ என்று நினைத்தாள். அப்புறம் ஒரு வழி பண்ணினாள். ஒவ்வொரு வகுப்பையும் ஒவ்வொரு மேசையிலிருந்து தொடங்குவது, எல்லோருக்கும் சொல்ல வேண்டியதை அறையின் நடுவில் நின்று சொல்வது, எந்த மேசையிலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தங்காமல் இன்னொரு சுற்றில் திரும்பி வருவது. அக்டோபர் கடைசியில் வந்த படத்தில் வெள்ளை எங்கேயும் இல்லை. அறை முழுக்க மஞ்சளும் இளஞ்சிவப்புமாக, பழுக்கத் தொடங்கிய மல்கோவா மாதிரி இருந்தது.

அந்த மாதம்தான் பிரின்சிபல் ஜோஸ் சாரின் காதுக்கு விஷயம் போனது. நல்ல மனுஷர். ஸ்கூலுக்குப் புதிதாக எது வந்தாலும் அதை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும் என்ற ஆசை மட்டும் கொஞ்சம் அதிகம். எல்லா டீச்சர்களுக்கும் டேக் மாட்டி, எல்லோருடைய படத்தையும் தன் ரூமில் பெரிய திரையில் போட்டுப் பார்க்கலாம் என்றார். ஸ்டாஃப் ரூம் கொதித்தது. யோகப்பிரியாவால்தான் இந்த வினை வந்தது என்று இரண்டு நாள் யாரும் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் தானாகவே பிரின்சிபல் ரூமுக்குப் போனாள். மலையாளத்தில்தான் பேசினாள், ஆனால் குரல் தணியவில்லை.

“அந்தப் படம் எனக்கு வந்ததாலதான் சார் நான் அழுதேன். உங்களுக்கு வந்திருந்தா உங்களோட சண்டைதான் போட்டிருப்பேன்.”

ஜோஸ் சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, திரை வேண்டாம் என்றார். ஆனாலும் நவம்பரில் வருகிற பெற்றோர் தினத்தன்று இதைப் பற்றி ஏதாவது ஒன்று காட்டியே ஆக வேண்டும் என்றார். தன்னுடைய படத்தைத் தானே காட்டுவதாக யோகப்பிரியா ஒத்துக்கொண்டாள். அதோடு இன்னொன்றும் கேட்டாள். அந்த டேக்குகளைப் பிள்ளைகளின் கழுத்தில் மாட்டினால் என்ன?

இது அவள் மனசில் கொஞ்ச நாளாகவே ஓடிக்கொண்டிருந்தது. நகர்கிற பொருளின் தூரத்தையும் நேரத்தையும் வைத்து கிராஃப் வரைகிற பாடத்தில் எந்த வருஷமும் பாதி வகுப்பு தடுமாறும். மேலே ஏறுகிற கோட்டைப் பார்த்து மலை ஏறுகிறது என்பார்கள். டேக்கை மாட்டிக்கொண்டு பிள்ளை நடந்தால், அவன் நடையே அந்தக் கணத்தில் சுவரில் கோடாக விழ வேண்டும். டின்சி இரண்டு நாள் உட்கார்ந்து அதற்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தாள். முதல் நாள் வகுப்பே திருவிழா ஆகிவிட்டது. வேகமாக நடந்தால் கோடு செங்குத்தாக எழும்பும், நின்றால் படுத்துக்கொள்ளும், திரும்பி வந்தால் இறங்கும். சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் எல்லோரும் காலாலேயே படித்துக்கொண்டார்கள்.

பெற்றோர் தினத்தன்று ஹால் நிறைந்திருந்தது. லேபில் இருந்த நாலு டப்பாவும் அன்றைக்கு ஹாலின் மூலைகளுக்கு மாறியிருந்தன. தோப்பு வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். ஆர்த்தியின் அப்பா சென்னியப்பனும் அவர்களில் ஒருவர். மாங்காய் பேக் பண்ணுகிற யார்டில் மேஸ்திரி, பேச்சு குறைந்த ஆள். டின்சியின் காலேஜிலிருந்து அவளுடைய புரொஃபசரும் வந்திருந்தார்.

யோகப்பிரியா மேடையேறி தன்னுடைய முதல் படத்தைச் சுவரில் போட்டாள். “இந்த வெள்ளையாக இருக்கிற இடத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு வகுப்பு நடத்தியும் நான் அங்கே போகவில்லை,” என்று முதலில் மலையாளத்தில் சொன்னாள். பிறகு பின்சுவரைப் பார்த்து அதையே தமிழில் சொன்னாள். ஜோஸ் சார் நாற்காலியில் நெளிந்தார். அடுத்து அவள் அக்டோபர் படத்தைப் போட்டாள். அதற்கு விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை. சுவரோரத்தில் யாரோ முதலில் கை தட்ட, அது முன் வரிசை வரைக்கும் பரவி வந்தது.

பிறகு பிள்ளைகள் நடந்து காட்டினார்கள். புரொஃபசருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாக்பீஸை வாங்கி, போர்டில் தானே ஒரு கிராஃப் போடுவதாகவும், அதை யாராவது நடந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். கோடு சரிவாக ஏறியது, கொஞ்ச தூரம் படுத்துக்கொண்டது, இறங்கியது, கடைசியில் சுவர் வைத்தது போல நேராக மேலே போய் நின்றது.

இரண்டாவது மேசைப் பையன் முதலில் வந்தான். மூன்று பகுதியையும் அழகாக நடந்தான். கடைசிப் பகுதி வந்ததும் ஓடினான். கோடு எழும்பியது, ஆனால் சாய்ந்தே இருந்தது. இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று கூட்டம் கத்தியது. அடுத்து ஸ்கூல் கபடி டீமில் ஆடுகிறவன் வந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி எதிர்ச்சுவரில் மோதியே நின்றான். ஹாலே சிரித்தது. அப்போதும் கோடு சாய்ந்துதான் இருந்தது. புரொஃபசர் தன் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பக்கவாட்டில் நின்றிருந்த ஆர்த்தி கற்பகத்தின் காதில் என்னவோ சொன்னாள். கற்பகம் அவள் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். யோகப்பிரியா அதைப் பார்த்துவிட்டாள். சொல்லு என்று தலையை அசைத்தாள்.

“அதை யாராலயும் நடக்க முடியாதுங்க டீச்சர்,” என்றாள் ஆர்த்தி. முதலில் குரல் நடுங்கியது, போகப் போக நிலைத்தது. “எத்தனை வேகமா ஓடினாலும் ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடம் போகக் கொஞ்சமாச்சும் நேரம் ஆகுமுங்க. அந்தக் கோடு நேரா நிக்குது. அதுல கீழ இருக்கிற எடமும் மேல இருக்கிற எடமும் ஒரே நேரமுங்க. ஒரே ஆளு, ஒரே நேரத்துல, அத்தனை எடத்துலயும் நிக்கோணும்.”

புரொஃபசருக்குப் பாதி புரிந்தது. என்ன சொன்னாள் என்று யோகப்பிரியாவைக் கேட்டார். அவள் மொழிபெயர்க்கவில்லை. ஆர்த்தியையே போர்டுக்குப் போகச் சொன்னாள். ஆர்த்தி சாக்பீஸால் அந்தச் செங்குத்துக் கோட்டில் கீழே ஒரு புள்ளி, மேலே ஒரு புள்ளி வைத்தாள். இரண்டிலிருந்தும் நேரத்தைக் காட்டும் அச்சுக்குக் கோடு இழுத்தாள். இரண்டும் ஒரே இடத்தில் போய் விழுந்தன. தெரிந்த அளவு மலையாளத்தில், இது நடக்காது சார் என்றாள்.

புரொஃபசர் கை தட்டிக்கொண்டே எழுந்து நின்றார். ஒருத்தராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் இந்தக் கோட்டைப் போட்டேன் என்றார். அப்படியானால் நடக்கக் கூடியதாக அதை மாற்றிக் கொடு என்றார். ஆர்த்தி அந்தச் செங்குத்துக் கோட்டை அழித்துவிட்டு, சாய்வாக ஒரு கோடு போட்டாள். டேக்கை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஹாலின் நடுவில் வந்து நின்றாள். நடந்தாள், நின்றாள், திரும்பினாள், பிறகு தாவணி முனையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். சுவரில் விழுந்த கோடு போர்டில் இருந்த கோட்டின் அச்சாக இருந்தது. இந்தத் தடவை முதலில் கத்தியது கபடிக்காரன்தான். அவனோடு ஹால் மொத்தமும் எழுந்தது.

கூட்டம் கலைந்த பிறகு சென்னியப்பன் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

“ஏனுங்க டீச்சர், எம்புள்ள சொன்னது எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. அந்தப் பெரிய சார் எதுக்கு எந்திரிச்சாரு?”

“அவர் எந்திரிக்கற மாதிரி ஒண்ணை உங்க பொண்ணு சொல்லுச்சுங்க,” என்றாள் யோகப்பிரியா.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அன்றைக்கு யார்டுக்குத் திரும்பிப் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கொல்லங்கோடு பஜாருக்குப் போய், ஒரு டிபன் கடையில் உட்கார்ந்து மசால் தோசை வாங்கிக் கொடுத்தார் என்று மறுநாள் கற்பகம் வந்து சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் சதீஷ் சார் லேப் வாசலில் வந்து நின்றார். படம் தனக்கு மட்டும்தானே வரும் என்று இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டார். பிறகு டேக்கை வாங்கி மாட்டிக்கொண்டு, டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி லேபுக்குப் போனார். கிறிஸ்துமஸ் லீவுக்குள் ஐந்து பேர் டேக் வாங்கியிருந்தார்கள். யாருடைய படத்தையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் யார் எந்தப் பக்கம் போகாமல் இருந்தோம் என்று ஸ்டாஃப் ரூமில் அவரவரே சொல்லிக்கொண்டார்கள்.

டின்சி ஆராய்ச்சியை எழுதி முடித்தாள். கருவிகளை ஸ்கூலிலேயே விட்டுவிட்டுப் போனாள். பிள்ளைகள் பிளஸ் டூவுக்கு வந்தார்கள். மறு வருஷம் பிராக்டிகல் பரீட்சை நடந்தபோது ரோடு முழுக்க மாங்காய் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் முகத்தில் சிரிப்பே இல்லாத மனுஷர். கற்பகத்தின் அளவுகளைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை தன் முன்னால் செய்யச் சொன்னார். அவள் பதறாமல் செய்தாள். அவர் பேனாவை எடுத்து முழு மார்க் போட்டதை அவள் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. ஆறு பேரும் பாஸ். நாலு பேர் காலேஜில் சயன்ஸே எடுத்துச் சேரப் போகிறார்கள். ஆர்த்தி பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் காலேஜில் பிசிக்ஸுக்கு அப்ளிகேஷன் போட்டிருந்தாள். ரிசல்ட் வந்த பத்தாவது நிமிஷம் அவளுடைய போன் வந்தது. பின்னால் யார்டில் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

“டீச்சர், பிராக்டிகல்ல நாப்பதுக்கு முப்பத்தொம்பதுங்க.”

ரொம்ப சந்தோஷம் என்றாள் யோகப்பிரியா.

“அதெல்லாம் சரிங்க டீச்சர்,” என்றாள் ஆர்த்தி. “அந்த ஒரு மார்க்கு எங்க போச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க. நான் எல்லாமே சரியாத்தான் பண்ணினேன்.”